கந்தையும் காந்தாவும்

தமிழிலே கந்தை என்றொரு சொல் உண்டு. உடுத்துப் பழகி, தோய்த்துத் தோய்த்து வெளிறி, ஈற்றில் நைந்து கிழிந்துபோன துணிக்கு அது பெயர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம்மவர் முதுமொழி. சேக்கிழார் பெருமான் திருக்கூட்டச் சிறப்பிலே சிவனடியார்களின் இயல்பை எடுத்துரைக்கும்போது, அவர்கள் உடுத்திருந்தது கந்தைதான் என்பதையும் ஒரு பெருமையாகவே சொல்கிறார். அமர்நீதி நாயனார் அடியவர்க்குக் கோவணமும் கீளும் கந்தையும் வழங்குவதையே தொண்டாகக் கொண்டவர். ஆகவே, கந்தை என்பது தமிழ்நாட்டில் இகழப்பட்ட பொருள் மட்டும் அன்று. துறவின் அடையாளமாகவும் அது நின்றிருக்கிறது.

இச்சொல்லுக்கு மூலம் கந்தா என்னும் வடசொல் என்று தமிழ்ப் பேரகராதி குறிக்கின்றது. அதே வடசொல் கிழக்கே வங்காளத்திற் சென்று காந்தா என்று மூக்கொலி பெற்று வழங்குகின்றது. ஆனால், அங்கே அதன் பொருள் வேறாக வளர்ந்துவிட்டது. தமிழிலே கந்தை கந்தையாகவே நின்றது. வங்காளத்திலோ பல கந்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு ஒன்றாக்கித் தைத்த போர்வைக்குக் காந்தா என்று பெயராயிற்று. கிழிந்ததிலிருந்து பிறந்து, கிழிந்ததைவிட உறுதியாய், பல வேளைகளிலே புதியதைவிட அழகாய் அமைந்த இப்போர்வையின் வரலாறு அரசர்களின் வரலாறு அன்று. ஆதலால், கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அதனைத் தேடிப் பயன் இல்லை.

காந்தா எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். வங்காளத்துப் பெண்கள் உடுத்தது மெல்லிய பருத்திச் சேலை. ஆடவர் உடுத்தது வெண்ணிற வேட்டி. பல ஆண்டுகள் உடுத்துத் தோய்த்த பின்னர் இவற்றின் கஞ்சியும் முறுக்கும் போய், துணி கன்னத்தில் ஒற்றினால் உறுத்தாத மென்மையை அடைந்துவிடும். அத்தகைய சேலைகளையும் வேட்டிகளையும் எடுத்து, நைந்த பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி பார்த்து, நிலத்தில் விரிப்பார்கள். மேலும் கீழும் வெள்ளைத் துணியும் நடுவிலே நிறத் துணியும் இருப்பது வழக்கம். ஓரங்களிலே பாரம் வைத்துச் சுருக்கம் நீக்கி, முதலில் நான்கு விளிம்புகளையும் தைத்து, அதன்பின் நீண்ட இழையாகச் சில வரிகள் ஓட்டி அடுக்குகளை அசையாது நிறுத்துவார்கள். இவ்வளவும் முடிந்துவிட்டால், அதனை மடித்து வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுத்துத் தைக்கலாம். மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நீளும் வேலை அது.

தைக்கும் நூலும் விலை கொடுத்து வாங்கியது அன்று. சேலையின் சிவப்பு, நீல, கறுப்புக் கரைகளிலிருந்து இழை இழையாக உருவி எடுத்த நூலே பயன்பட்டது. பழைய காந்தாக்களில் இம்மூன்று நிறங்களே மிகுந்து காணப்படுவதற்குக் காரணம் இதுதான். கலைஞர் ஒருவர் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த வண்ணங்கள் என்று இவற்றைச் சிலர் புகழ்வதுண்டு. உண்மையில் கரையில் எது இருந்ததோ அதுவே போர்வையில் வந்தது. தையலோ எல்லாத் தையல்களிலும் எளியதாகிய ஓட்டுத் தையல். ஊசி மேலே வந்து கீழே போய், மீண்டும் மேலே வரும், அவ்வளவே. ஏழு வயதுச் சிறுமிக்கும் அது கைவரும். ஆயின், அவ்வெளிய தையலை நெருக்கியும் நெகிழ்த்தும், நேராகவும் வளைத்தும் ஓட்டி, வெண்ணிலத்தில் வெள்ளை நூலாலேயே நீர்ப்பரப்பின் சிற்றலை போன்ற ஓர் அசைவை உண்டாக்கிவிட்டார்கள். நல்ல காந்தாவொன்றைக் கையில் எடுத்தால், கண்ணுக்குமுன் விரலே அவ்வலைகளை அறிந்துவிடும்.

மேல்நாட்டார் செய்யும் தைத்த போர்வைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் இடையே பஞ்சோ கம்பளியோ வைத்துத் தைப்பார்கள். அமெரிக்க நாட்டிலே பல நிறத்துண்டுகளை வெட்டி இணைத்து மேல்துணியை அமைக்கும் முறை பெரிதும் வளர்ந்தது. காந்தாவிலே பஞ்சு இல்லை. துணியைச் சிறு துண்டுகளாக வெட்டுவதும் இல்லை. துணியோடு துணி சேர்வதே தடிப்பு; அடுக்கே வெப்பம். ஐந்தாறு அடுக்குக் கொண்டு மார்கழி, தைக் குளிருக்குப் போர்ப்பது லேப் காந்தா எனப்படும். இரண்டு மூன்று அடுக்கிலே விருந்தினர் அமரும்போது விரிப்பது சுஜனி. தலையணைக்கு உறையாவது ஓயார். நூல்களையும் அருமையான பொருள்களையும் பொதிந்து வைக்கும் சதுரத் துணி பாய்தன். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பது ஆர்ஷிலதா. வெற்றிலை பாக்கும் காசும் வைக்கும் மடிப்புப் பை, பூசைக்கு அமரும் ஆசனம், சிறு கைக்குட்டை என்று மனைக்கு வேண்டியன யாவும் இவ்வகையிலே தைக்கப்பட்டன. உருவங்கள் நிறைந்த சிறந்த காந்தாவை நக்ஷி காந்தா என்பர். நக்ஷா என்றால் வரைவு.

இவற்றைத் தைத்தவர் யார்? தொழில்முறைத் தையற்காரர் அல்லர். வீட்டுப் பெண்கள். காலை வேலை முடிந்து, உச்சிப்பொழுதின் உணவும் முடிந்து, ஆடவர் அயர்ந்திருக்கும் நேரமே அவர்களுக்கு வாய்த்த ஓய்வு. மழைக்காலத்திலே வங்காளத்து வயல்கள் கடலாகிவிடும். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போகவும் தோணி வேண்டும். அந்த நாட்களிலே திண்ணையிலே காந்தா விரியும். பெரிய போர்வையாயின் நான்கு பெண்கள் நான்கு பக்கமும் இருந்து தைப்பர். பேச்சும் சிரிப்பும் ஊரார் குறையும் ஊசியோடு ஓடும். பாட்டி தொடங்கியதை மகள் தொடர்ந்து, பேத்தி முடித்த காந்தாக்களும் உண்டு. அவ்வாறானவற்றிலே ஒரு மூலையின் தையலும் மறுமூலையின் தையலும் ஒத்திராமை கண்டு, எத்தனை கைகள் அதிற் பட்டன என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

கூலிக்காக அன்று, விற்பனைக்காகவும் அன்று. இன்னாருக்கு என்று மனத்திலே நிறுத்தியே காந்தா தைக்கப்பட்டது. கணவன் வீட்டுக்குப் போகும் மகளுக்கு, தூரத்து ஊரிற் படிக்கும் மகனுக்கு, வயலிலும் ஆற்றிலும் உழைத்துவரும் கணவனுக்கு, எப்போதாவது வரும் தமையனுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறக்கப்போகும் குழந்தைக்கு. புதுத்துணி பிஞ்சுடலை உறுத்தும் என்பது ஒரு காரணம். பழந்துணியிற் கிடக்கும் பிள்ளைமீது கண்ணேறு படாது என்பது மற்றொரு நம்பிக்கை. யாழ்ப்பாணத்திலும் பேத்தியாரின் பழஞ்சேலையிலே ஏணை கட்டுவதன் பொருத்தத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தாயின் சேலை, தந்தையின் வேட்டி, பாட்டியின் கைத்தையல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அக்குழந்தையைப் போர்த்தன.

கந்தையைத் தைத்து உடுக்கும் வழக்கம் இந்நாட்டாருக்கு வேறொரு வழியாலும் தெரிந்ததே. புத்த பிக்குகள் எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் தைத்து உடுத்தனர் என்றும், மகதநாட்டு வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் கண்ட புத்தர் அவ்வாறே சீவரத்தை அமைக்கும்படி ஆனந்தருக்குக் கூறினார் என்றும் விநய பிடகம் சொல்லும். இலங்கையிலே ஆண்டுதோறும் கார்கால இறுதியில் நடைபெறும் கட்டினப் பூசையில், சீவரத்தை ஒரே நாளில் வெட்டித் தைத்து முடிக்கும் மரபு அதன் தொடர்ச்சியே. மகதம் வங்காளத்தின் அயல்நாடு.

வங்காளத்து இலக்கியத்திலே காந்தா சிறப்பாக வரும் இடம் கிருஷ்ணதாச கவிராஜர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இயற்றிய சைதன்ய சரிதாமிர்தம். சைதன்யரின் அன்னை சசிதேவி தம் கையாலே தைத்த காந்தா ஒன்றை யாத்திரிகர் வாயிலாகப் பூரியிலிருந்த மகனுக்கு அனுப்பினார் என்று ஒரு மரபு வழங்குகின்றது. அந்நூலிலே வரும் வேறு இரு நிகழ்ச்சிகள் இன்னும் சுவையானவை. கௌடநாட்டு ஹுசேன் ஷாவின் அமைச்சராயிருந்த சனாதனர், பதவியைத் துறந்து ஓடிக் காசியிலே சைதன்யரை அடைந்தார். அவர் தோளிலே விலையுயர்ந்த கம்பளம் ஒன்று கிடந்தது. சைதன்யர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பளத்தை அடிக்கடி பார்த்தார். குறிப்பறிந்த சனாதனர் கங்கைக் கரைக்குப் போனார். அங்கே வங்காளத்து இரவலன் ஒருவன் தன் காந்தாவைத் தோய்த்து உலர்த்திக்கொண்டிருந்தான். தம் கம்பளத்தை எடுத்துக்கொண்டு காந்தாவைத் தருமாறு அவர் வேண்ட, தன்னை ஏளனம் செய்கிறார் என்றே அவன் முதலில் எண்ணினானாம். மாற்றிக்கொண்டு திரும்பிய சனாதனரைக் கண்டு சைதன்யர் மகிழ்ந்தார்.

மற்றைய நிகழ்ச்சி பூரியில் நடந்தது. வெறுந்தரையில் வாழைப்பட்டையின்மேற் படுத்து மெலிந்துபோன சைதன்யரைக் காணப் பொறாத ஜகதானந்தர் என்னும் அன்பர், மெல்லிய துணி வாங்கிக் காவி ஏற்றி, இலவம்பஞ்சு அடைத்து மெத்தையும் தலையணையும் செய்து கொடுத்தார். சைதன்யர் சினந்து அவற்றை ஒதுக்கிவிட்டார். பின்னர் சொரூப தாமோதரர் உலர்ந்த வாழையிலைகளை நகத்தாற் கீறி மெல்லிய நாராக்கி, சைதன்யரின் பழைய மேலாடைகளுக்குள் அடைத்துக் கொடுத்தபோது, பலர் வற்புறுத்தவே அதனை ஏற்றுக்கொண்டார். வாங்கிய புதுப்பொருள் மறுக்கப்பட்டது. தம் பழந்துணியாலே ஆகிய படுக்கை ஏற்கப்பட்டது. நூலாசிரியர் சொல்ல வந்தது பக்தியின் திறத்தை. ஆயினும், அன்பினாற் செய்து கொடுக்கும் படுக்கை எத்தகையதாயிருக்க வேண்டும் என்று அக்காலத்து மக்கள் கருதினர் என்பதும் அதனூடே தெரிகிறது. ஜகதானந்தருக்கு வந்த கோபமும் எளிதில் ஆறவில்லை என்று அவ்வாசிரியர் மறைக்காமற் சொல்லியிருப்பது இரசிக்கத்தக்கது.

சைதன்யர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள் வங்காளத்து ஊசிவேலை கடல் கடந்தது. ஹூக்ளி ஆற்றோரத்தில் சாத்காவ் என்னும் துறையிலும் பின்னர் ஹூக்ளியிலும் வணிகம் செய்த போர்த்துக்கேயர், வெண்பருத்தித் துணியிலே மஞ்சட் சாயல் கொண்ட காட்டுப்பட்டு நூலாலே நெருங்கத் தைத்த பெரும் போர்வைகளை வாங்கி லிஸ்பனுக்கு அனுப்பினர். வேட்டையாடும் போர்த்துக்கேயர், கப்பல்கள், கடற்கன்னியர், சாலமோன் அரசனின் தீர்ப்பு, கிரேக்கப் புராணக் கதைகள் என்பன அவற்றிலே கலந்து காணப்படும். இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலும், அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து இசபெல்லா ஸ்ருவாட் காட்னர் நூதனசாலையிலும் இத்தகையவை இருக்கின்றன. 1632இல் ஷாஜகானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றியதோடு போர்த்துக்கேயரின் செல்வாக்கு அங்கே ஒடுங்கியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தமதாக்கிக் கொண்டவர்களும் அவர்களே. சாத்காவுப் போர்வைகள் கைதேர்ந்த தொழிலாளரைக் கொண்டு விலைக்காகச் செய்விக்கப்பட்டவை. அவற்றையும் வீட்டுக் காந்தாவையும் ஒன்றாகக் கூறும் நூல்கள் உண்டு. ஊசி ஒன்றே ஆயினும் நோக்கம் வேறு என்பதை மறத்தலாகாது.

இன்று நூதனசாலைகளிலே காணப்படும் வீட்டுக் காந்தாக்களிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. அதற்கு முந்தியவை இல்லாமைக்குக் காரணம் வெளிப்படை. காந்தா பாவிப்பதற்காகச் செய்யப்பட்டது. போர்த்தினார்கள், விரித்தார்கள், பிள்ளைகள் நனைத்தார்கள், தோய்த்தார்கள். அது கிழிந்தபோது அடுத்த காந்தாவுக்கு உள்ளடுக்காயிற்று. பழைய போர்வை ஒன்றினுள்ளே அதற்கும் பழையதொன்று கிடப்பதுண்டு.

நக்ஷி காந்தாவின் நடுவே பெரும்பாலும் விரிந்த தாமரை இருக்கும். நான்கு மூலைகளிலும் நடுவை நோக்கி நான்கு மரங்களோ மாங்காய் வடிவக் கொடிகளோ அமையும். நோன்பு நாட்களிலே அரிசிமாவைக் கரைத்து நிலத்தில் இடும் ஆல்பனா என்னும் கோலத்தையே அவர்கள் துணிக்கு ஏற்றினர். நம் பெண்கள் முற்றத்தில் இடும் கோலத்துக்கு அது தங்கை முறையானது. இந்துப் பெண்கள் தைத்தவற்றிலே தேரும் கண்ணனும் இராதையும் வருவர். முஸ்லிம் பெண்கள் தைத்தவற்றிலே கொடியும் பூவும் பிறையும் மிகும். ஆயினும், இருசாராரும் ஒரே ஊரில் ஒரே மழையிலே இருந்து தைத்தவர்கள்; தாமரையும் மீனும் தோணியும் இருவர்க்கும் பொது. ஜெசோரின் தையல் நுண்மைக்குப் பெயர்பெற்றது. ராஜ்ஷாகிப் பகுதியிலே லொஹரி என்னும் அலைத்தையல் கொண்ட தடித்த காந்தா சிறந்தது.

தாமரைக்கும் மரங்களுக்கும் இடையே எஞ்சிய இடத்தில்தான் தைத்தவளின் விருப்பம் முழு உரிமையோடு உலாவுகிறது. பாக்குவெட்டி, சீப்பு, கண்ணாடி, காதணி, குடை, பல்லக்கு, யானை, மயில், சீட்டுக்கட்டின் இராசா இராணி, புகைவண்டி, நீராவிக் கப்பல், தொப்பியணிந்த வெள்ளைக்காரன் என்று வரிசையின்றி அவை வந்து நிறையும். வீட்டுப் படியைத் தாண்டாத பெண் புகைவண்டியை எங்கே கண்டாள்? ஒருகால் தாய்வீட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை கண்டிருப்பாள். ஒருகால் கணவன் சொல்லக் கேட்டிருப்பாள். சக்கரங்கள் முன்பின்னாக இருப்பினும், அந்த வியப்பு மட்டும் பிழையின்றி நிற்கிறது.

கல்கத்தாவுக்குத் தெற்கே தாக்கூர்புக்கூரில் உள்ள குருசதய நூதனசாலையிலே மானதசுந்தரி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தைத்த காந்தா ஒன்று உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளும் சிப்பாய்களும் அதிலே இடம்பெற்றிருக்கின்றனர். அவற்றினும் அருமையானது அதிலே அவர் தைத்துள்ள எழுத்து. தம் தந்தையாருக்காகத் தம் கையாலே இதனைத் தைத்ததாக அவர் வங்க எழுத்திலே பொறித்திருக்கிறார். பெயர் பொறித்த காந்தாக்கள் மிகச் சில. ஆயிரக்கணக்கான பெண்கள் பெயரின்றி மறைந்துபோன ஒரு கலையிலே, மகள் ஒருத்தியின் பெயரும் அவள் யாருக்காகத் தைத்தாள் என்பதும் நிலைத்துவிட்டன.

அக்காலத்திலே வங்காளத்துப் பெண் எழுதக் கற்பது எளிதாயிருக்கவில்லை. ராஸசுந்தரி தேவி என்னும் அம்மையார், படித்தால் கைம்பெண்ணாகிவிடுவாள் என்று பேசிய சமூகத்திலே, அடுக்களையில் ஓலையொன்றை ஒளித்துவைத்து எழுத்துக் கற்றவர். 1876இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு வங்கமொழியின் முதற் தன்வரலாற்று நூலாகப் போற்றப்படுகின்றது. எழுதுகோல் மறுக்கப்பட்டவர்க்கு ஊசியே எழுதுகோலாயிற்று என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் எழுதுவது இதனை நோக்கியே. அக்கூற்றிலே உண்மை உண்டு. ஆனால், அதனை மிகைப்படுத்தவும் கூடாது. எல்லாக் காந்தாவும் கண்ணீர்க் கடிதம் அன்று. பல பெண்கள் தையல் இனியது என்பதற்காகவே தைத்தார்கள். மயிலின் தோகை நன்றாக வந்துவிட்டது என்று அயல்வீட்டாளை அழைத்துக் காட்டுவதற்காகவும் தைத்தார்கள். அம்மகிழ்ச்சியும் வரலாற்றிற் சேரவேண்டியதே.

ஆலைத்துணியும் மலிந்த கம்பளியும் ஊர்களிலே பெருகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறந்த நக்ஷி காந்தா தைப்போர் குறைந்தனர். குளிருக்குரிய எளிய காந்தா மட்டும் நின்றது. ஏழ்மையின் அடையாளமாகவும் அது கருதப்பட்டது. கிழிந்த காந்தாவிற் படுத்துக்கொண்டு இலட்ச ரூபாய்க் கனவு காண்பவன் என்று வங்காளத்தார் ஒருவனை எள்ளுவதுண்டு. படித்தவர் வீடுகளிலே காந்தா பெட்டியின் அடிக்குப் போயிற்று.

அதனை மேலே எடுத்தவர்களுள் முதன்மையானவர் குருசதய தத்தர். சில்ஹெட்டிலே 1882இற் பிறந்து, இந்திய சிவில் சேவையில் அமர்ந்து, மாவட்ட அதிகாரியாய் ஊரூராய்த் திரிந்தவர். அவர் மனைவி சரோஜ நளினி அம்மையார் வங்காளத்திலே மாதர் சங்கங்களைத் தொடக்கிப் பணியாற்றி, 1925இலே இளவயதில் மறைந்தார். தத்தர் நாட்டாடல்களையும் பாடல்களையும் மீட்க 1932இலே விரதசாரி இயக்கத்தைத் தொடக்கினார். அதிகாரிகள் சுற்றுப்பயணத்திலே கறவைமாடும் கப்பமும் பற்றி விசாரித்த காலத்திலே, இவர் வீட்டு முதியவளிடம் பழைய காந்தா உண்டா என்று விசாரித்தார். 1941இல் அவர் மறைந்தபின், அவர் சேர்த்தவை தாக்கூர்புக்கூர் நூதனசாலையாக 1963இலே திறக்கப்பட்டன. 2017இன் பின்னர் இந்திய மத்திய அரசின் நிதியுதவி நின்றமையால் அந்நிலையம் பெரிதும் அல்லற்பட்டது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிடவேண்டும். இரவீந்திரநாத தாகூரின் மருமகள் பிரதிமா தேவியும் சாந்திநிகேதனத்தாரும் காந்தாத் தையலைச் சேலைக்கும் மேலாடைக்கும் ஏற்றிப் புதுவழி காட்டினர்.

ஆஸ்திரிய நாட்டிலே 1896இற் பிறந்து தாகூரின் அழைப்பால் வந்த ஸ்ரெல்லா கிராம்ரிஷ் அம்மையார், கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே கோயிற்கலையைக் கற்பித்தவர். இந்துக் கோயிலைப் பற்றிப் பெருநூல் எழுதிய அவரே, 1939இல் காந்தாவைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கருங்கற் கோபுரத்தையும் கந்தற் போர்வையையும் ஒரே கண்ணாற் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. 1950இலே அமெரிக்கா சென்றபோது அவர் சேகரித்த காந்தாக்களும் சென்றன. அவை பிலடெல்பியா கலைக்கூடத்தைச் சேர்ந்தன. 2009இலும் 2010இலும் அங்கே பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது.

எனினும், காந்தா என்றதும் வங்காளத்தார் நினைவில் வருவது நூதனசாலை அன்று, ஒரு காவியம். பரீத்பூரைச் சேர்ந்த ஜசீமுதீன் 1929இலே நக்ஷி காந்தார் மாட் என்னும் கதைப்பாடலை வெளியிட்டார். தைத்த போர்வையின் வெளி என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ரூபாய் என்னும் உழவனும் சாஜு என்னும் பெண்ணும் மணந்து இன்புற்று வாழ்கின்றனர். நெல் வயலிலே நடந்த சண்டையிற் கொலை விழவே, ரூபாய் ஊரைவிட்டு ஓடுகிறான். காத்திருந்த சாஜு, தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவிலே தைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் புதைகுழியின்மேல் விரிக்கச் சொல்லிவிட்டு மாய்கிறாள். ஆண்டுகள் கழிந்து ஒருநாள், அக்காந்தாவைப் போர்த்தபடி புதைகுழியருகே ஒருவன் இறந்து கிடப்பதை ஊரார் காண்கின்றனர். 1939இலே மில்போர்ட் அம்மையார் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறந்துபோகும் நிலையிலிருந்த நக்ஷி காந்தாவுக்குப் படித்தவர் நடுவே மதிப்புத் தேடிக் கொடுத்ததிலே, எந்த ஆராய்ச்சியையும்விட இக்கதைக்குப் பங்கு அதிகம்.

1947இலே வங்காளம் பிரிந்தது. கிழக்கு மாவட்டப் பெண்கள் தைத்தவற்றிற் சிறந்த பல மேற்கே இருந்த சேகரிப்புகளில் நின்றுவிட்டன. 1971இலே ஒன்பது திங்கள் நடந்த போரின் முடிவில் வங்காளதேசம் பிறந்தபோது, கணவரை இழந்தவர்களும் மானபங்கப்பட்டு வீட்டார் ஏற்கமறுத்தவர்களுமாகப் பல்லாயிரம் பெண்கள் பிழைப்பின்றி நின்றனர். அவர்களுட் பலருக்குத் தெரிந்திருந்த தொழில் ஒன்றே; தாய் கற்பித்த ஓட்டுத் தையல். தொண்டு நிலையங்கள் அத்தையலையே சீவனோபாயமாக்க முயன்றன. 1978இலே பிராக் நிறுவனம் டாக்காவிலே ஆரங் என்னும் விற்பனை நிலையத்தைத் தொடக்கியது. 1981இல் நியாஸ் ஜமான் அம்மையார் காந்தாக் கலையைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. சுரையா ரஹ்மான் என்னும் ஓவியர் 1980களிலே ஊர்க்காட்சிகளையும் பழங்கதைகளையும் வரைந்து கொடுக்க, ஏழைப் பெண்கள் அவற்றைத் தைத்தனர். அவை அயல்நாட்டுத் தூதரகச் சுவர்களையும் செல்வர் இல்லங்களையும் அடைந்தன. சுரையா 2018இலே மறைந்தார். மேற்கு வங்காளத்து நக்ஷி காந்தாவுக்கு 2008இலே இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இம்மாற்றத்தால் காந்தா வேறொரு பொருளாகிவிட்டது என்று குறைகூறுவோர் உளர். புதுத்துணி, வாங்கிய நூல், பிறர் வரைந்த உருவம், முகமறியாத ஒருவர்க்காகத் தையல். இவற்றிலே பாட்டியின் காந்தா எங்கே என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால், அதனைக் கேட்பவர் பெரும்பாலும் அடுப்பு எரிவதற்கு ஊசியை நம்பியிராதவர்கள். பழைய காந்தாவைத் தைத்தவளுக்கு உழைப்புக்கு விலை கிடைக்கவில்லை. விலை கேட்கவும் உரிமை இருக்கவில்லை. புதியதைத் தைப்பவளுக்குக் கூலி கிடைக்கின்றது. அக்கூலி வேலையின் நுண்மைக்கும் நாட்கணக்குக்கும் ஈடாக இல்லை என்பதே உண்மையான குறை. கடையிலே கொடுக்கும் விலையிலே எவ்வளவு தைத்த கைக்குச் சேர்கிறது என்று கேட்பதே, அழகைப் பற்றிப் புலம்புவதைவிட முதன்மையான கேள்வியாகும்.

சந்தைக் காந்தா வளர்ந்த அதே ஊர்களிலே மற்றையதும் அழிந்துவிடவில்லை. பகலெல்லாம் கடைக்காரர் கொடுத்த துணியிலே, அவர் கொடுத்த கோட்டின்மேல் ஊசி ஓட்டும் பெண்களும், வீட்டிலே மகளோ மருமகளோ கருவுற்றால், பெட்டியிலிருந்து தம் பழைய சேலையை எடுத்து நிலத்தில் விரிக்கிறார்கள். அதற்குக் கோடு வரைந்து கொடுப்பார் இல்லை. இரண்டு மூன்று அடுக்கு, நேர்நேரான ஓட்டுத் தையல், வெட்டப்படாத கரையே விளிம்பு. முழமும் சாணுமாக ஏழெட்டுச் சிறு துணிகள் பிள்ளை பிறக்குமுன் தயாராகிவிடும். அவற்றை எவரும் விலைக்குக் கேட்பதில்லை. மூன்றாம் நான்காம் மாதத்துக்குள் தோய்த்துத் தோய்த்து அவை மீண்டும் கந்தையாகிவிடுகின்றன.